பழைய சவரக்கத்திகள்: எடையும் ஒலியும்

கேள்வி: இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு சவரக்கத்திக்கும் ஜெர்மன் கத்திக்கும் மழிக்கும்போது உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

பதில்: நன்றாகவே தெரியும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஷெஃபீல்டு கத்திகள் பெரும்பாலும் ஆப்பு வடிவம். முதுகிலிருந்து விளிம்புவரை பக்கங்கள் ஏறக்குறைய நேராகச் சரியும். எடை அதிகம். அந்த எடையே வேலையைச் செய்வதால் கை அழுத்த வேண்டியதில்லை. முரட்டுத் தாடியிலும் சத்தமில்லாமல் இறங்கும்.

ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளில் பலவற்றை இருபுறமும் ஆழமாகக் குழித்து, விளிம்பருகே தாள்போல மெலிய வைத்திருப்பார்கள். முடியை வெட்டும்போது அலகு அதிர்ந்து ஒலிக்கும். முடி மிச்சமிருக்கும் இடத்தைக் காதே காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்த ஒலி மிகவும் பிடிக்கும். ஆனால் கோணம் பிசகினால் அலகு வளையும், தோல் எரியும்.

ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனா கத்திகளின் எஃகு கடினமானது. தீட்ட நேரமாகும், கூர்மை நெடுநாள் நிற்கும்.

ஒப்பிடுவதற்கு முன் எல்லாக் கத்திகளையும் ஒரே கையால், ஒரே கல்லில் தீட்டுங்கள். பிறகு தோல்வாரில் இழுங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் எந்த ஊர்க் கத்தியும் முடியைப் பிடுங்கத்தான் செய்யும். முதன்முதலாக வாங்குவதென்றால் 5/8 அங்குல அகலம் போதும்; மூக்கின் கீழே திருப்ப எளிது.