கேட்டுத் தெரிவதும் தெரிந்தே இருப்பதும்

மழை பிடித்தால், "ஏதும்னா 117க்கு அடிச்சுக் கேட்டுக்குவோம்" என்கிறார்கள் ஹாலிஎல பக்கத்தில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது. தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது கேட்க ஏது நேரம்? 2005, 2011 எச்சரிக்கைகள் கோப்பில் இருந்தன. சனம் லயத்தில் இருந்தது.

பீலித் தண்ணி திடீரென்று கலங்கினாலோ நின்றுபோனாலோ, காம்பராச் சுவரிலும் தேயிலை மலையிலும் புது வெடிப்பு கண்டாலோ, நேராக நின்ற மரம் சாய்ந்தாலோ, முதலில் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். போன் அப்புறம். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்றால் வெளியேறும் கட்டம். வாய் முதல் அடிவரை ஒரே அகலமான டின்னை வெட்டவெளியில் வைத்தால் ஆறு அங்குலத் தண்ணி, அவ்வளவுதான் கணக்கு. இரவில் எந்தப் பாதையால் போவது? பகலிலேயே ஒருதரம் நடந்து பாருங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு.