ஓக்லியில் கிரேக்க ஆகாரம்: பழையசீவரத்துப் பெரியோருக்கு ஒரு வழிகாட்டி

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையில் அமைந்த நம் பழையசீவரத்திலிருந்தும், அதை அடுத்த வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும், மகளின் பிரசவத்துக்கு உதவியாக இருக்கவோ பேரக்குழந்தையைச் சில மாதம் பார்த்துக்கொள்ளவோ மெல்போர்ன் நகரத்துக்குப் பிரயாணப்படுகிற பெரியவர்களுக்கு, அங்கே போய் இறங்கிய சில வாரங்களுக்குள் உணவு விஷயத்தில் ஒரு சலிப்பு ஏற்படுவது சகஜம். வீட்டில் நடப்பது நம் சாம்பாரும் ரசமும்தான்; வெளியே போனாலோ, சைவம் என்ற காரணத்தால் பிள்ளைகள் அழைத்துச் செல்வது மற்றோர் இந்திய ஓட்டலுக்கு, இல்லாவிட்டால் பீட்சா கடைக்கு. அவ்வளவு தூரம் கடல் கடந்து சென்றும் அந்நிய ஜனங்களின் ஆகாரம் ஒன்றையாவது மனம் ஒப்பி உண்ணாமல் திரும்புவது பெரிய நஷ்டம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஐரோப்பிய சமையல்களுள் கிரேக்க சமையலைப்போல் நம்மவருக்கு இசைந்தது வேறில்லை. ஏனெனில் கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சம்பிரதாயம் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாளை விரத தினங்களாக விதித்திருப்பதால், மாமிசமும் பாலும் முட்டையும் இல்லாமல் ருசியாகச் சமைக்கும் வித்தை அவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ச்சி பெற்றிருக்கிறது.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின், 1952-இல் கிரேக்க நாட்டுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏற்பட்ட குடியேற்ற ஒப்பந்தத்தை ஒட்டி, கப்பல் கப்பலாக வந்திறங்கிய கிரேக்கக் குடும்பங்கள் மெல்போர்னின் தொழிற்சாலைகளில் உழைத்து, நாளடைவில் நகரின் மத்தியை விட்டுப் புறநகர்களில் சொந்த வீடு கட்டிக் குடியேறின. அப்புறநகர்களில் பிரசித்தமானது ஓக்லி. நகர மத்தியிலிருந்து தென்கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர் தூரம். நம்மவர் மிகுதியாகக் குடியிருக்கும் டாண்டினாங் பக்கத்து ரயில் தடத்திலேயே அதன் நிலையமும் இருக்கிறது. கிளேட்டனில் ரயில் ஏறினால் ஹண்டிங்டேலுக்கு அடுத்த நிலையம் ஓக்லிதான். ஆகையால் மருமகனின் காருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மைக்கி என்ற பயண அட்டையில் பணம் இருந்தால் போதும். நிலையத்திலிருந்து நடந்து எட்டும் தூரத்தில், வாகனம் புகாத கடைவீதியாகிய ஈட்டன் மால் இருக்கிறது.

முதற்படி, நாள் பார்ப்பது. தை மாதம் மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக நம் மலைக்கு எழுந்தருளும் தினத்தில் நம்மூரைக் கண்டவர் அறிகிற பழையசீவரத்தை, மற்ற நாளில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் அறிய முடியாது. அவ்வாறே ஒரு ஜனசமூகத்தின் சமையலை அறிய வேண்டுமானால் அவர்களுக்கு விசேஷமான நாளைத் தெரிந்துகொண்டு போவது உசிதம். கிரேக்கர்களுக்குப் பொதுவாகப் புதனும் வெள்ளியும் விரத நாட்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் அவர்களுடைய மகா விரதம். அவர்கள் ஈஸ்டர் பெரும்பாலான ஆண்டுகளில் மற்றக் கிறிஸ்தவர்களின் ஈஸ்டருக்குப் பிந்தி வருவதால், சுவரிலுள்ள ஆஸ்திரேலிய நாட்காட்டியை நம்பாமல் அக்கம்பக்கத்துக் கிரேக்கரிடமோ ரொட்டிக் கடையிலோ விசாரித்துக்கொள்ள வேண்டும். மாதா பண்டிகையை ஒட்டி ஆகஸ்டு 1 முதல் 14 வரையிலும், கிறிஸ்துமஸுக்கு முன் நவம்பர் 15 முதலும் வேறு விரதங்கள் உண்டு. இவற்றுள் தலையாயது மகா விரதம் தொடங்குகிற 'சுத்தத் திங்கள்'. அன்று ரொட்டிக் கடைகளில் எள் தூவிய லகானா என்ற தட்டை ரொட்டி சுட்டு அடுக்குவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்கென்றே செய்யப்படுவது அது. காலையிலேயே சென்று சூட்டோடு வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, வேளை. கிரேக்க சமையலில் நெருப்பில் வாட்டி உடனே பரிமாறுவது ஒரு வகை. காலையில் பெரிய தட்டங்களில் அடுப்பேற்றி மதியத்துக்கு எடுத்து வைப்பது மற்றொரு வகை. நமக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆதலால் பன்னிரண்டு மணியை ஒட்டிப் போவது நல்லது. மாலையில் போனால் நல்ல பதார்த்தங்கள் தீர்ந்து, இறைச்சி வாட்டும் வாசனை மட்டும் எஞ்சியிருக்கும். கடையைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாமல் வீதியை ஒருமுறை மெல்ல நடந்து பாருங்கள். சிறிய கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கிரேக்க மொழியில் வாதம் செய்யும் முதியவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ, அங்கே காப்பி நன்றாயிருக்கும். கையில் பையோடு கிரேக்கப் பாட்டிமார் எந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று விரலால் சுட்டிக்காட்டி வாங்குகிறார்களோ, அங்கே சமைத்த உணவு நன்றாயிருக்கும். பளபளப்பான படங்கள் அச்சிட்ட நீண்ட பட்டியலுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

மூன்றாவது படியாகிய விசாரணையில் நம்மவர் மிகுந்த ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'நிஸ்டீசிமா இருக்கிறதா?' என்று கேளுங்கள். விரத உணவுக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. நம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த மாத்திரத்தில், கல்லாவில் இருக்கும் முதியவரின் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள். ஆனால் அதோடு விசாரணையை நிறுத்திவிடலாகாது. அவர்களுடைய விரத விதி மாமிசத்தையும் மீனையும் முட்டையையும் பாலையும் விலக்குகிறதே தவிர, இறால், கணவாய், எட்டுக்கால் கணவாய் முதலிய, இரத்தமில்லாதவை என்று அவர்கள் கருதும் கடற்பிராணிகளை விலக்கவில்லை. இளஞ்சிவப்பாகப் பார்வைக்கு இனிப்புப் பண்டம்போல் இருக்கும் தராமொசலாட்டா மீன் முட்டையில் அரைத்தது. அது சுத்தத் திங்களன்றே மேஜைக்கு வந்துவிடும். ஆகவே விரத உணவு என்று கேட்ட பிறகு, கடற்பிராணி எதுவும் வேண்டாம் என்பதையும் தனியே சொல்லிவிடுவது அவசியம். குடைமிளகாயிலும் தக்காளியிலும் அரிசி அடைத்துச் சுடும் யெமிஸ்டா ஒரு வீட்டில் வெறும் அரிசியோடும் மற்றொரு வீட்டில் கொத்திய இறைச்சியோடும் செய்யப்படுவது. அதையும் கேட்டே வாங்க வேண்டும். அவ்கோலெமொனோ என்ற பெயர் எங்கே கண்டாலும் முட்டையும் எலுமிச்சையும் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். கீரைப் பணியாரமாகிய ஸ்பனகோபிட்டாவில் பாலாடைக் கட்டியோடு முட்டையும் சேர்ப்பது வழக்கம். முட்டை உண்ணாதவர்கள் விரத காலத்தில் செய்யும், வெறும் கீரை அடைத்த வகையைக் கேட்டு வாங்கலாம். பாலாடைக் கட்டியைப் பாலிலிருந்து உறையச் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த சத்தைப் பயன்படுத்துவது பழைய முறையாதலால், அந்த விஷயத்தில் ஆசாரம் பார்க்கிறவர்கள் அதை விட்டுவிடுவதே நிம்மதி. விட்டாலும் குறைவில்லை, உண்ண எவ்வளவோ இருக்கின்றன.

அந்த எவ்வளவோ என்பதில் நான் முதலிடம் கொடுப்பது ஹோர்டா என்ற கீரைக்கு. குடியேறி வந்த கிரேக்கப் பெண்கள் மெல்போர்னில் சாலையோரத்திலும் காலி மனைகளிலும் தாமாக முளைத்த கீரைகளைப் பறித்துச் சமைத்ததும், கொல்லையில் விதைத்து வளர்த்ததும் அந்த ஊர் அறிந்த செய்தி. கோடையில் கிடைக்கும் வ்லீட்டா என்ற வகை நம் முளைக்கீரை, தண்டுக்கீரை வர்க்கத்தைச் சேர்ந்ததேயாகும். தண்டும் இலையுமாக முழுதாக வேகவைத்து, நீரை வடித்து, மசிக்காமல், ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மேலே ஊற்றி வெதுவெதுப்பாகக் கொண்டுவருவார்கள். தாளிதமும் இல்லை, மிளகாயும் இல்லை. முதற்கவளம் சப்பென்று தோன்றும். ரொட்டித் துண்டால் தட்டின் அடியிலுள்ள சாற்றைத் தொட்டுச் சேர்த்து உண்ணும்போது, கீரைக்கென்று உள்ள இயற்கை மணம் இவ்வளவா என்று ஆச்சரியம் உண்டாகும். குளிர்காலத்தில் வரும் கீரைகள் கசக்கும். கசப்பே அவற்றின் குணம். அடுத்தபடியாக, எண்ணெயிலும் தக்காளியிலும் நிதானமாக வேகவைத்த பாமியெஸ் என்ற வெண்டைக்காய், ஃபசோலாக்கியா என்ற பச்சை பீன்ஸ், யீகாந்தெஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சை, மஞ்சள் பருப்பை மசித்து வெங்காயமும் எண்ணெயும் சேர்த்த ஃபாவா, திராட்சை இலையில் அரிசி பொதிந்த டோல்மடாக்கியா ஆகியவற்றைச் சிறு தட்டுகளாக வரவழைத்து, நால்வர் பகிர்ந்து உண்பதே முறை. இவை ஆறிப்போய் வருகின்றனவே என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆறிய பக்குவத்தில்தான் எண்ணெயும் காய்ச்சாறும் ஒன்றுபட்டு ருசி ஏறுகிறது.

கடை நல்லதா என்று பரீக்ஷிக்கத் தயிரே போதும். ஸாஸீகி என்பது நம் வெள்ளரிப் பச்சடியின் உறவு. ஆனால் நீர் வடித்த கெட்டித் தயிரில், துருவிப் பிழிந்த வெள்ளரியும் பூண்டும் எண்ணெயும் சேர்த்துச் செய்வது. கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்க வேண்டும்; ஓரத்தில் நீர் கசிந்தால் வெள்ளரியைப் பிழியாமல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாலாடைக் கட்டி உண்பவர்களானால் ஃபெட்டாவைக் கவனியுங்கள்: ஐரோப்பிய சட்டம் 2002-இல் அப்பெயரைக் கிரேக்க நாட்டுக்கே உரியதாக்கியது; நூற்றுக்கு எழுபது பங்காவது செம்மறி ஆட்டுப் பாலும், எஞ்சியது வெள்ளாட்டுப் பாலுமாகச் செய்வது அது. ஆஸ்திரேலியாவில் பசும்பாலில் செய்து அதே பெயரில் விற்பதும் உண்டாகையால், உப்பு நீரில் ஊறும் கட்டியாக, வந்த தேசத்தின் பெயரோடு இருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கிரேக்கக் காப்பிக்கு டிகாக்ஷன் இல்லை. நீண்ட பிடியுள்ள சிறு செம்பில் பொடியையும் சர்க்கரையையும் நீரையும் ஒன்றாய்க் காய்ச்சி, நுரையோடு ஊற்றுவார்கள். சர்க்கரை வேண்டாமென்றால் 'ஸ்கேட்டோஸ்', நடுத்தரம் 'மேட்ரியோஸ்', நல்ல இனிப்பு 'க்ளிக்கோஸ்' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு சேர்த்துக் கலக்கினால் அடியிலுள்ள வண்டல் எழும்பிவிடும். பாலை எதிர்பார்க்க வேண்டாம். கூடத் தின்ன, மாவை எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றிய லுகுமாடெஸ் உண்டு. ஈட்டன் மாலை ஒட்டி நீகோஸ் என்ற பெயர்பெற்ற பலகாரக் கடையும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட நம்மவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தக்கது ரவை ஹல்வா. கிரேக்க வீடுகளில் விரத நாட்களுக்கென்று செய்யும் இதற்கு அளவு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குழந்தைக்கும் மனப்பாடம்: எண்ணெய் ஒரு பங்கு, ரவை இரண்டு பங்கு, சர்க்கரை மூன்று பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. தண்ணீரில் சர்க்கரையையும் இலவங்கப்பட்டையையும் கிராம்பையும் ஆரஞ்சுத் தோலையும் போட்டுச் சில நிமிஷம் கொதிக்கவிட்டு வைத்துக்கொண்டு, வேறு கனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, கொஞ்சம் பருமனான ரவையைக் கொட்டி, பொன்னிறம் கடந்து தேன் நிறம் வரும்வரை கைவிடாமல் வறுக்க வேண்டும். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, பட்டை கிராம்பை நீக்கிய பாகை ஊற்ற வேண்டும். பாகு விழுந்ததும் பெருஞ்சத்தத்தோடு தெறிக்குமாதலால் பேரக்குழந்தைகள் அருகில் நிற்கலாகாது. மறுபடி அடுப்பேற்றிக் கிளற, அது பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும். அச்சில் அழுத்தி, முழுதும் ஆறிய பின் கவிழ்த்துப் பட்டைத்தூள் தூவி வில்லையாக அறுப்பார்கள். கேசரி நெய்யோடு சூடாக உண்பது. இது எண்ணெயில் செய்து ஆறவைத்து உண்பது. ருசியும் முற்றிலும் வேறு. நெய்யை ஊற்றிச் சீர்திருத்த வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்லுகிறேன்.

இதற்கும் மற்றவற்றுக்கும் எண்ணெய்தான் உயிர். ஓக்லியின் கிரேக்க மளிகைக் கடைகளில் தகர டப்பாக்களில் கிடைக்கும் எக்ஸ்ட்ரா வர்ஜின் வகையையே வாங்க வேண்டும்; அதன் அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச விதி. செக்கிலாட்டிய வருஷமோ தேதியோ குறித்திருந்தால் புதியதையே தேர்ந்தெடுங்கள். ஒயினைப்போல் வைத்திருக்க வைத்திருக்க மேம்படும் வஸ்து இதுவன்று. ஊர் திரும்பும்போது விமானப் பெட்டியில் டப்பாவை வேஷ்டியில் சுற்றி நடுவில் வைத்து, எடையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒன்றாவது கொண்டுவாருங்கள். பழையசீவரத்து வெயிலில் அது சீக்கிரம் சிக்கு வாடை எடுத்துவிடும். ஆகையால் திறந்ததும் சிறு பாட்டில்களில் நிரம்ப ஊற்றி இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளியுள்ள இருட்டு அலமாரியில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.