குண்டு சென்று சேரும் வேகம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆட்டுப் பண்ணைப் பணியை ஏற்கும் எவருக்கும் முயல், வேட்டைப் பொருளாக அல்லாமல், மேய்ச்சல் நிலத்தைக் கரம்பாக்கும் தீங்குயிராகவே அறிமுகமாகிறது. 1859ஆம் ஆண்டு வின்செல்சி என்னும் ஊரை ஒட்டிய பார்வன் பார்க் பண்ணையில், தாமஸ் ஆஸ்டின் என்பவர் பொழுதுபோக்கு வேட்டைக்கென இங்கிலாந்திலிருந்து வரவழைத்து விட்ட முயல்களின் வழித்தோன்றல்கள், 1950இல் மிக்ஸோமா வைரஸையும் 1990களின் நடுவில் காலிசி வைரஸையும் தாங்கிப் பிழைத்து இன்றும் நிலைத்திருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் நீர்ப்பிடிப்பு, நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை தீங்குயிர்களாக அறிவிக்கப்பட்டுள்ளமையால், அவற்றைக் கட்டுப்படுத்துவது நிலவுடைமையாளரின் கடமையும் ஆகிறது. வளைகளை உழுது தகர்ப்பதும் நச்சிரை வைப்பதுமே இதில் முதன்மையான வழிகள் என்பதையும், துப்பாக்கி அவற்றுக்குத் தப்பி எஞ்சியவற்றைத் தீர்ப்பதற்கே உரியது என்பதையும் முதலிலேயே தெளிந்துகொள்வது நல்லது. துப்பாக்கியால் மட்டும் முயலை ஒழித்த பண்ணை இருப்பதாகத் தெரியவில்லை. எஞ்சியவற்றைத் தீர்க்கும் பணியில் காயத்தோடு தப்பும் முயல் வளைக்குள் புகுந்து, கண்ணுக்குப் படாமல், நெடுநேரம் துன்புற்றே மடிகிறது என்பதனால், குண்டைத் தேர்ந்தெடுப்பது சிக்கனத்தையோ விருப்பத்தையோ மட்டும் பொறுத்த செய்தி ஆவதில்லை.

கடையில் அடுக்கப்பட்டிருக்கும் பெட்டிகள் ஒவ்வொன்றின் மீதும் கொட்டை எழுத்தில் அச்சிடப்படுவது, குண்டு குழல்வாயை விட்டுப் புறப்படும் வேகமாகும். விலங்கின் உடலில் குண்டு ஆற்றும் வேலையை முடிவு செய்வதோ அது சென்று சேரும் வேகமும், அவ்வேகத்திற்கு ஏற்ப அக்குண்டு அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதுமே ஆகும். புதியவர்கள் செய்யும் தேர்வுப் பிழைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பிறக்கின்றன.

பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பொருள், முனையில் பொருத்தப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுமையே தோட்டா எனப்படும்; குழலிலிருந்து வெளியேறிப் பறப்பது குண்டு மட்டுமே. குண்டின் எடை கிரெயின் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு கிரெயின் 0.065 கிராமுக்குச் சற்றுக் குறைவானது. பற்றவைக்கும் பொருள் கூட்டின் அடிவிளிம்பிற்குள் பரவியிருப்பின் அது ரிம்ஃபயர் எனவும், அடியின் நடுவில் தனிக் கிண்ணமாகப் பொருத்தப்பட்டிருப்பின் சென்டர்ஃபயர் எனவும் வழங்கப்படுகிறது. தானியங்கியல்லாத ரிம்ஃபயர் ரைஃபிள் விக்டோரியாவின் உரிமச் சட்டத்தில் ஏ பிரிவிலும், அத்தகைய சென்டர்ஃபயர் ரைஃபிள் பி பிரிவிலும் அடங்குவதால், இவ்வேறுபாடு பொறியியலோடு நின்றுவிடுவதில்லை.

முயலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 1887இல் அமெரிக்காவில் தோன்றிய .22 லாங் ரைஃபிள் என்னும் ரிம்ஃபயர் தோட்டாவாகும். இதில் வழக்கமான குண்டு 40 கிரெயின் எடையுள்ள ஈயத்தால் ஆனது. முனை உருண்டையாக இருப்பதும் உண்டு, முனையில் குழி குடையப்பட்டிருப்பதும் உண்டு. உருண்டைமுனைக் குண்டு முயலின் உடலை ஊடுருவி, ஊசித் துளையொத்த காயத்தை மட்டும் விட்டு, தன் ஆற்றலில் பெரும்பகுதியோடு மறுபுறம் வெளியேறிவிடுகிறது. ஆகவே அட்டைக் குறியில் பயில்வதற்கு மட்டுமே அதை ஒதுக்க வேண்டும். குழிமுனைக் குண்டில், தசையின் ஈரம் குழிக்குள் அழுத்தத்தோடு புகுந்து சுவர்களை வெளிப்புறமாக விரிப்பதால், குண்டு காளான் வடிவம் பெற்று ஆற்றலை உடலுக்குள்ளேயே செலவிடுகிறது. ஆனால் இவ்விரிவுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவைப்படுகிறது என்பதைப் பெட்டிகள் சொல்வதில்லை. நொடிக்கு 1,250 அடி வேகத்தில் புறப்படும் அதிவேக வகைக் குண்டு 100 மீட்டரை எட்டும்போது ஏறத்தாழ 1,000 அடி வேகத்திற்கு இறங்கிவிடுவதால், 30 மீட்டரில் அழகாக விரிந்த அதே குண்டு அங்கே உருண்டைமுனைக் குண்டைப் போலவே நடந்துகொள்ளக்கூடும். மேலும் 50 மீட்டருக்குக் குறி சீர்செய்யப்பட்ட துப்பாக்கியில் அத்தொலைவில் அது 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை தாழ்ந்தும் விழுகிறது.

சப்சானிக் எனப்படும் வகை, ஒலியின் வேகத்தைத் தாண்டாதவாறு 1,050 அடி அளவில் புறப்படுமாறு அமைக்கப்படுகிறது. ஒலித்தடையைக் கடக்கும் குண்டு எழுப்பும் சவுக்கடியொத்த ஓசை இதில் இல்லாமையால், ஒரு முயல் வீழ்ந்த பின்னும் அருகிலுள்ளவை கலைந்தோடாமல் நிற்பதுண்டு. 20 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,125 அடி அளவிலும், உறைபனி இரவில் 1,087 அடி அளவிலும் இருப்பதால், கோடையில் அமைதியாகப் பறந்த 1,080 அடி வகைக் குண்டு, குளிர்கால இரவில் சில வேளை ஓசை எழுப்பத் தொடங்குவது குண்டின் பழுதன்று. இவ்வகைக்கென்றே மென்மையான ஈயத்தில், அகன்ற குழியோடு வார்க்கப்பட்ட குண்டுகள் உள்ளன. குறைந்த வேகத்திலும் அவை விரிவதற்குக் காரணம் அம்மென்மையே. பெட்டியில் வெறுமனே சப்சானிக் என்று எழுதப்பட்டிருப்பது போதுமானதன்று, குழிமுனையா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை புதியவர்களை வியப்பில் ஆழ்த்தும் ஓர் உண்மை உண்டு. பக்கக் காற்றில் அதிவேக .22 குண்டு, மெதுவாகச் செல்லும் சப்சானிக் குண்டைக் காட்டிலும் கூடுதலாக விலகுகிறது. பக்க விலகலை முடிவு செய்வது பறக்கும் நேரம் அன்று. காற்றின் தடையால் இழக்கப்படும் நேரமே ஆகும். ஒலிவேகத்தை ஒட்டிய எல்லையில் தடை திடீரென்று உயர்வதால், அவ்வெல்லையைக் கடந்து இறங்கும் அதிவேகக் குண்டு அவ்விழப்பை மிகுதியாக அடைகிறது. 32 கிரெயின் எடையில் 1,640 அடி வேகம் காட்டும் ஸ்டிங்கர் போன்ற மிகைவேக வகைகள் எழுத்தில் கவர்ச்சியாகத் தோன்றினும், பல துப்பாக்கிகளில் அவற்றின் குறியொற்றுமை குறைவு. ஸ்டிங்கரின் கூடு வழக்கத்தை விடச் சற்று நீளமானதால், இறுக்கமாகக் கடையப்பட்ட போட்டித் துப்பாக்கிகளின் அறைக்கு அது ஏற்றதும் அன்று.

குறியொற்றுமை என்பது ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட பல குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதாகும். முயலின் தலையில் உடனடி இறப்பை உறுதி செய்யும் பகுதி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமே உடையது. ஆகவே, நிலையான தாங்கியில் வைத்துச் சுடப்படும் ஐந்து குண்டுகளும் அவ்வட்டத்திற்குள் விழும் தொலைவே அத்துப்பாக்கிக்கும் அத்தோட்டாவுக்கும் உரிய எல்லையாகும். எவருடைய புகழுரையும் அவ்வெல்லையை நீட்டுவதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டு, ஒரே தோட்டாவை வெவ்வேறு விதமாக ஏற்பது ரிம்ஃபயரில் அன்றாட நிகழ்ச்சி. எனவே நான்கைந்து வகைகளைச் சிறு பெட்டிகளாக வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மொத்தமாக வாங்க வேண்டும். ஒவ்வொரு வகையும் தனக்குரிய மெழுகைக் குழலுக்குள் பூசிச் செல்வதால், வகை மாற்றியதும் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகளைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது முறை. உகந்தது கிடைத்துவிட்டால், பெட்டியின் ஓரத்தில் அச்சிடப்பட்ட தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு அதே தொகுதியில் ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கிவைப்பது, விலையுயர்ந்த தொலைநோக்கி ஒன்றை வாங்குவதை விடப் பயன் தரும்.

முயல்கள் 100 மீட்டருக்கு அப்பால் மட்டுமே நிற்கப் பழகிய திறந்தவெளியில், 2002இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய .17 எச்.எம்.ஆர். தோட்டா பொருந்துகிறது. இதன் 17 கிரெயின் குண்டு, மெல்லிய செம்பு மேலுறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்டு, 2,550 அடி வேகத்தில் புறப்பட்டு, 100 கஜத்தில் ஏறத்தாழ 1,900 அடி வேகத்தோடு சேர்கிறது; அதாவது .22 குண்டு புறப்படும் வேகத்தை விட இது சேரும் வேகம் பெரிது. பட்டவுடன் பிளாஸ்டிக் முனை பின்னோக்கித் தள்ளப்பட்டு மேலுறை சிதறுவதால், தலையில் பட்டால் ஐயமின்றி வேலை முடிகிறது. தோளில் பட்டால் இறைச்சி வீணாகிறது. சமையலறைக்குச் செல்லும் முயலாயின், 20 கிரெயின் எடையில், அவ்வளவாகச் சிதறாமல் விரியுமாறு செய்யப்பட்ட வகை மேலானது. இலகுவான 17 கிரெயின் குண்டைக் கொண்டு நரியைச் சுடும் பழக்கம் சிலரிடம் உள்ளது. மேற்பரப்பிலேயே சிதறி ஆழம் செல்லாமல் நின்றுவிடக்கூடிய குண்டை அவ்வளவு பெரிய உடலுக்குப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கதன்று.

ஆட்டுக்குட்டிகளைக் கவரும் நரிக்கு .22 ஹார்னெட், .223 ரெமிங்டன் போன்ற சென்டர்ஃபயர் தோட்டாக்களே உரியவை. இங்கே மேலுறையின் தடிப்பே முதற்கேள்வி ஆகிறது. முழு மேலுறை கொண்ட இராணுவ வகைக் குண்டு மலிவாகக் கிடைப்பினும், விரியாமல் ஊடுருவிச் சென்று, நரியைக் காயத்தோடு ஓடவிட்டு, அப்பாலும் ஆபத்தாகவே பறப்பதால் அதை விலக்க வேண்டும். போட்டிக் குண்டின் முனையிலும் ஒரு சிறு துளை காணப்படுவதைக் கண்டு அதைக் குழிமுனை என்று கொள்வது மற்றொரு மயக்கம். அத்துளை மேலுறையை அடியிலிருந்து முனை நோக்கி இழுத்து மூடும் செய்முறையின் எச்சமே அன்றி, விரிவதற்காக வைக்கப்பட்டதன்று. மறுபுறம், ஹார்னெட் போன்ற மிதவேகத் தோட்டாக்களுக்கென மிக மெல்லிய மேலுறையோடு செய்யப்பட்ட குண்டுகளைப் பெருவேகத் துப்பாக்கியில் இட்டால், அவை குறியைச் சேரும் முன்னரே காற்றில் சிதறிவிடக்கூடும். குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்வரி 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் அளவில் இருப்பின், 3,200 அடி வேகத்தில் புறப்படும் குண்டு நிமிடத்திற்கு 3,29,000 முறைக்கு மேல் சுழல்கிறது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று எனின் அது 1,92,000 ஆகவே இருக்கும். மேலுறை தாங்க வேண்டியது இச்சுழற்சியையே. ஆகவே துப்பாக்கியின் சுருள் அளவை அறியாமல் குண்டு வாங்கப் புறப்படுவதில் பொருளில்லை.

நீளமான குண்டுக்கு நெருக்கமான சுருள் வேண்டும் என்பதை 1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் என்னும் கணிதவியலர் ஒரு வாய்பாடாகவே வகுத்தார். குண்டை நிலைப்படுத்துவதில் எடையை விட நீளமே முதன்மையானது என்பதால், ஈயத்தை விட அடர்த்தி குறைந்த செம்பில் செய்யப்படும் குண்டுகள் அதே எடையில் நீண்டு, 14 அங்குலச் சுருள் கொண்ட பழைய துப்பாக்கிகளில் தள்ளாடக்கூடும்.

ஈயத்துக்கு மாற்றாகச் செம்பா என்னும் கேள்வி இனி விலக்க இயலாதது. சிதறிய ஈயத் துகள்களோடு வயலில் விடப்படும் முயலுடல்களை ஆப்புவால் கழுகு உண்கிறது. அக்கழுகுகளின் உடலில் ஈயம் படிந்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வன உயிர்களைச் சுடுவதற்கு ஈயத் தோட்டாக்களை முற்றாகத் தடை செய்துள்ளது. .22 ரிம்ஃபயரில் ஈயமற்ற குண்டுகள் பெரும்பாலும் 20 கிரெயின் அளவில் இலகுவாக இருப்பதாலும், எல்லாத் துப்பாக்கிகளும் அவற்றை ஒரே சீராக ஏற்காததாலும், மேலே சொல்லப்பட்ட வட்டச் சோதனையில் அவை தேறும் வரை ஈயக் குண்டையே பயன்படுத்த நேரிடலாம். அவ்வாறாயின் உடல்களைத் திரட்டிப் புதைக்கும் உழைப்பும் அத்தேர்வோடு சேர்ந்தே வருகிறது.

தெறிப்பைக் குறித்தும் இங்கே சொல்ல வேண்டும். மெதுவாகச் செல்லும் கனத்த ஈயக் குண்டு, கல்லிலோ, இறுகிய தரையிலோ, அணை நீரின் மேற்பரப்பிலோ தாழ்ந்த கோணத்தில் படுமாயின் உடையாமல் திசை மாறிப் பறக்கிறது; .22 குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது என்ற எச்சரிக்கை பெட்டியிலேயே காணப்படுகிறது. மெல்லிய மேலுறை கொண்ட பெருவேகக் குண்டு பட்ட இடத்திலேயே பொடியாவதால் இவ்வகையில் இடர் குறைந்ததே எனினும், இடர் அற்றதன்று. வளைகள் நிறைந்த மண்மேடு முயலுக்குப் பின்னால் அமையும் கோணத்தைத் தேடி நின்றே சுட வேண்டும். பாறை நிறைந்த மேய்ச்சல் நிலத்தில் அத்தகைய கோணம் கிடைக்காத மாலைகளில், தோட்டாப் பெட்டியைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, அதற்குரிய தனிப்பூட்டுப் பேழைக்குள் வைத்துவிட்டு, மறுநாள் நச்சிரைக்கான ஏற்பாட்டைப் பண்ணையாரோடு பேசுவதே தக்கது.

அன்புடன்,
மாமா