அமெரிக்காவுல எம்.எஸ்: ஒரு கோர்ஸை டிராப் பண்ணா பணம் மிச்சமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்



போன மாசம் ஒருத்தர் என் ஆபீஸுக்கு வந்தாரு. பொண்ணு அமெரிக்காவுல எம்.எஸ் படிக்கிறா. கல்விக் கடன் 40 லட்சம். வட்டிக்கு வரிச் சலுகை எப்படி எடுக்கிறதுன்னு கேட்கத்தான் வந்தாரு. பேச்சுவாக்குல இன்னொன்னு சொன்னாரு: "சார், இந்த செமஸ்டர் ஒரு கோர்ஸை டிராப் பண்ணிடுறேன்பா, மூவாயிரம் டாலர் மிச்சம்னு சொல்றா. நல்லதுதானே?"

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "மொத்தம் எத்தனை கிரெடிட் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கா?" அவருக்குத் தெரியல. அங்கேயே வாட்ஸ்அப்ல கேட்டார். 9 கிரெடிட். ஒண்ணை விட்டா 6.

"சார், முதல்ல பொண்ணுகிட்ட பேசுங்க. வரிச் சலுகையை அப்புறம் பார்க்கலாம்"னு சொன்னேன். ஏன்னு இந்தப் பதிவுல விளக்குறேன். பிள்ளைங்களை அனுப்பியிருக்கிற பெற்றோரும், கிளம்பப் போற மாணவர்களும் கண்டிப்பா படிங்க.

9 கிரெடிட் ஏன் முக்கியம்?

பெரும்பாலும் ஒரு கோர்ஸ்னா 3 கிரெடிட். எம்.எஸ் முடிக்க 30-லேர்ந்து 36 கிரெடிட் வரை கேட்பாங்க. பட்டமேற்படிப்புல "முழுநேர மாணவர்"னா எத்தனை கிரெடிட்னு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வரையறுக்கும். நிறைய இடங்கள்ல அது 9. அசிஸ்டன்ட்ஷிப்ல இருக்கிறவங்களுக்கும் ஆய்வறிக்கை கட்டத்துல இருக்கிறவங்களுக்கும் சில இடங்கள்ல குறைவா இருக்கும்.

எஃப்-1 விசாவுல இருக்கிறவங்க ஃபால், ஸ்பிரிங் ரெண்டு செமஸ்டர்லயும் முழுநேரமா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும். சம்மர் லீவு மாதிரி, கட்டாயம் இல்லை. ஆனா படிப்பே சம்மர்ல தொடங்கினா அங்கேயும் முழுநேரம்தான்.

ரெண்டு இடத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஒண்ணு, ஆன்லைன் கோர்ஸ். ஒரு செமஸ்டர்ல ஒரே ஒரு ஆன்லைன் கோர்ஸ், அதாவது 3 கிரெடிட் மட்டும்தான் முழுநேரக் கணக்குல சேரும். ரெண்டு, ஆடிட். மார்க் இல்லாம உட்கார்ந்து கேட்கிற கோர்ஸ் இந்தக் கணக்குல வராது.

டிராப் பண்ணவே முடியாதா?

முடியும். ஆனா முதல்ல டி.எஸ்.ஓ, அதாவது சர்வதேச மாணவர் அலுவலகத்துல இருக்கிற அதிகாரி அனுமதி கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் டிராப். "முதல்ல டிராப், அப்புறம் சொல்லிக்கலாம்"னா செவிஸ் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. கேம்பஸ் வேலை நிக்கும். மறுபடி அந்தஸ்து வாங்க விண்ணப்பம், காத்திருப்பு, செலவுன்னு போகும்.

அனுமதி கிடைக்கிற காரணங்கள் மூணுதான்:

1. படிப்புச் சிரமம்: ஆரம்பத்துல ஆங்கிலம் கஷ்டம், அங்கத்திய பாடமுறை பழகல, தப்பான லெவல் கோர்ஸ்ல சேர்ந்துட்டாங்க மாதிரி காரணங்கள். ஒரு பட்டப்படிப்புக்கு ஒரே ஒரு தடவை. அப்பவும் பாதி லோடாவது படிக்கணும்.
2. உடல்நிலை: டாக்டர் கடிதத்தோட, மொத்தம் 12 மாசம் வரை.
3. கடைசி செமஸ்டர்: முடிக்க எவ்வளவு பாக்கியோ அது மட்டும் எடுத்தா போதும்.

"ஃபீஸ் கட்டப் பணம் இல்லை"ங்கிற காரணம் இந்தப் பட்டியல்ல இல்லைங்கிறதை கவனிங்க. நம்ம கிளையன்ட் பொண்ணு சொன்ன காரணம் அதுதான்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம்

அந்தப் பொண்ணோட படிப்பு 36 கிரெடிட். செமஸ்டருக்கு 9, நாலு செமஸ்டர். ஒரு கோர்ஸ் விட்டுப்போய், அதை வேற எங்கேயும் ஈடுகட்டலைன்னா, 3 கிரெடிட்டுக்காக அஞ்சாவது செமஸ்டர். டாலர் 88 ரூபாய், கிரெடிட்டுக்கு 1,000 டாலர், மாசச் செலவு 1,200 டாலர், கடன் வட்டி 10.5%னு வச்சுப்போம்.

- இப்ப "மிச்சம்": 3,000 டாலர் = 2,64,000 ரூபாய். அந்த கோர்ஸை எப்படியும் பின்னாடி எடுத்தாகணும். அதனால உண்மையான மிச்சம் பூஜ்யம்.
- 5 மாச வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ்: 6,000 டாலர் = 5,28,000 ரூபாய்.
- 40 லட்சத்துக்கு 5 மாச தனிவட்டி: 1,75,000 ரூபாய்.

கூடுதல் சுமை 7,03,000 ரூபாய். வட்டி எப்படியும் ஓடும்தான், ஆனா அதை அடைக்க வேண்டிய சம்பளம் 5 மாசம் தள்ளிப் போகுது. அந்த இழந்த சம்பளத்தை நான் இதுல சேர்க்கவே இல்லை.

இன்னொன்னு, செமஸ்டர் தொடங்கி சேர்க்க-நீக்க கெடு முடிஞ்சிட்டா முழு ஃபீஸும் திரும்பி வராது. வாரம் போகப் போக ரீஃபண்ட் குறைஞ்சு, ஒரு கட்டத்துல பூஜ்யம் ஆயிடும். அப்புறம் டிராப் பண்ணா ஃபீஸும் போச்சு, கிரெடிட்டும் போச்சு.

அப்ப எங்கதான் மிச்சம் பிடிக்கிறது?

ஃபீஸ் முறையைப் பாருங்க. சில பல்கலைக்கழகங்கள்ல 9-லேர்ந்து 12 கிரெடிட் வரை ஒரே ஃபீஸ். அங்க நாலாவது கோர்ஸ் கிட்டத்தட்ட இலவசம். கிரெடிட் கணக்குல வாங்குற இடமா இருந்தாலும், 12 எடுத்து ஒரு செமஸ்டர் முன்னாடி முடிச்சா வாடகையும் சாப்பாடும் மிச்சம். ஆனா ஜாக்கிரதை: பட்டமேற்படிப்புல பொதுவா ஜி.பி.ஏ 3.0-க்குக் கீழ போகக்கூடாது. ஆசைப்பட்டு நாலு எடுத்து ஒண்ணுல கோட்டை விட்டா, அதை மறுபடி காசு கட்டிப் படிக்கணும்.

சம்மரைப் பயன்படுத்துங்க. எப்படியும் வாடகை கொடுத்துக்கிட்டு இருக்கிற மாசங்கள்ல ஒரு கோர்ஸ் முடிச்சா, பின்னாடி ஒரு செமஸ்டரே குறையலாம்.

அசிஸ்டன்ட்ஷிப். கிடைச்சா ஃபீஸ் தள்ளுபடியும் மாசாமாசம் பணமும் வரும். செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ் வேலை வாரம் 20 மணி நேரம்தான். இதுக்கும் குறைந்தபட்ச ரிஜிஸ்ட்ரேஷன் உண்டு. கோர்ஸை விட்டா தள்ளுபடியும் போகலாம்.

தீசிஸா, இல்லையா? நிறைய இடங்கள்ல தீசிஸ் சமர்ப்பிக்கிற வரைக்கும் ஒவ்வொரு செமஸ்டரும் ரிஜிஸ்டர் பண்ணி ஃபீஸ் கட்டிக்கிட்டே இருக்கணும். கெடு ஒரு வாரம் தவறினாலும் இன்னொரு செமஸ்டர் ஃபீஸ் வரலாம். பி.எச்.டி போற எண்ணம் இல்லைன்னா கோர்ஸ் மட்டும் உள்ள வழியை யோசிங்க.

ஒரு செமஸ்டர் லீவு. இதை மிச்சம்னு நினைக்காதீங்க. பொதுவா நாட்டை விட்டு வெளியே வந்தாகணும். 5 மாசத்துக்கு மேல போனா புது ஐ-20 எடுக்க வேண்டி வரும். ஓ.பி.டி-க்குத் தேவையான ஒரு கல்வியாண்டுக் கணக்கும் முதல்லேர்ந்து ஓடும்.

பேங்க்கும் வரியும்

கடன் திருப்பிக் கட்டுறது வழக்கமா படிப்புக் காலம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத் தொடங்கும். பேங்க்குக்குத் தெரிஞ்ச "படிப்புக் காலம்" நீங்க முதல்ல கொடுத்த பேப்பர்ல இருக்கிறதுதான். படிப்பு நீண்டா, நீட்டிச்ச ஐ-20-ஐ முன்கூட்டியே பேங்க்ல கொடுங்க. இல்லைன்னா பிள்ளை படிக்கும்போதே இ.எம்.ஐ வந்து நிக்கும். ஐ-20 நீட்டிப்பையும் அதுல போட்டிருக்கிற முடிவுத் தேதிக்கு முன்னாடியே கேட்கணும்.

80இ-ன்னு நாம பழகின வட்டிக் கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். உச்சவரம்பு இல்லை. ஆனா வட்டி கட்டத் தொடங்கின வருஷத்துலேர்ந்து மொத்தம் 8 வருஷம்தான். படிக்கும்போதே நீங்க வட்டி கட்ட ஆரம்பிச்சா அந்தக் கடிகாரமும் அப்பவே ஓட ஆரம்பிச்சிடும்.

இன்னைக்கே பிள்ளைகிட்ட கேளுங்க

1. இந்த செமஸ்டர் எத்தனை கிரெடிட்? அதுல ஆன்லைன் எத்தனை?
2. உங்க பல்கலைக்கழகத்துல முழுநேரம்னா எவ்வளவு?
3. டிராப் கெடு, ரீஃபண்ட் கெடு எந்தத் தேதி?
4. மீதி கிரெடிட்டை எந்தெந்த செமஸ்டர்ல முடிக்கிற திட்டம்?
5. டி.எஸ்.ஓ-வோட மெயில் ஐ.டி போன்ல இருக்கா?

விதிமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அதனால கடைசி வார்த்தை டி.எஸ்.ஓ-வோடதுதான். சீனியர் சொன்னாரு, ரூம்மேட் சொன்னாருன்னு முடிவெடுக்காதீங்க.

அந்தப் பொண்ணு என்ன பண்ணா? அன்னைக்கு ராத்திரி அப்பா பேசினப்பதான் விஷயமே வெளிய வந்திருக்கு. "அப்பா கடன் வாங்கிட்டாரே, நாமளும் ஏதாவது மிச்சம் பிடிக்கணும்"னு தானா எடுத்த முடிவு அது. நல்ல மனசு, தப்பான கணக்கு. கோர்ஸை விடல. வர்ற சம்மர்ல ஒரு கோர்ஸ் எடுத்து, கடைசி செமஸ்டரை 6 கிரெடிட்டோட முடிக்க டி.எஸ்.ஓ-கிட்ட இப்பவே பேசி வச்சிருக்கா.

பணத்தைப் பத்தி பிள்ளைங்ககிட்ட வெளிப்படையாப் பேசுங்க. அவங்க தனியா போடுற கணக்கை விட, ரெண்டு பேரும் சேர்ந்து போடுற கணக்கு சரியா வரும். இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.