மேலே நெல், கீழே நிலக்கரி

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் எரியும் பழுப்பு நிலக்கரி எங்கே செல்கிறது? சாம்பல் மட்டும் எஞ்சுவதால், பிற யாவும் அழிந்தனவாகத் தோன்றும். ஆயின், எரிதலில் அணுக்கள் அழிவதில்லை. அவற்றின் இணைப்பே மாறுகிறது. கார்பன் அணு ஒன்று ஆக்சிஜன் அணுக்கள் இரண்டுடன் கூடிக் கார்பன் டைஆக்சைடு மூலக்கூறாகிறது. கார்பனின் அணுநிறை 12. ஆக்சிஜனின் அணுநிறை 16. எனவே, 12 கிலோகிராம் கார்பன் முற்றும் எரிகையில் காற்றிலிருந்து 32 கிலோகிராம் ஆக்சிஜனைப் பெற்று 44 கிலோகிராம் வாயுவாகிறது.

அவ்வாயுவையே நெற்பயிர் இலைவழி ஏற்று, கதிரொளியின் துணையால் மாவுப்பொருளாக்குகிறது. பழுப்பு நிலக்கரியும் பண்டைத் தாவரங்கள் அங்ஙனம் சேர்த்த கார்பனே. 2023ஆம் ஆண்டு வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பயிர் நின்ற வயல்களில் கால்வாய் வெட்டப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த கார்பன் உலையில் நொடியில் வாயுவாகிறது. அதனை மணியாக்கப் பயிருக்கோ ஒரு பருவமும் ஒரு வயலும் வேண்டும்.