பின்பாட்டுக்கு இடம் விடு

அன்புள்ள தங்கைக்கு,

"பொங்கோல் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள் நான். பால்மரத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. தோட்டத்துப் பாட்டைப் பாட எனக்கு என்ன உரிமை இருக்கிறது அக்கா?" என்று கேட்டிருந்தாய். மேடையேறத் துடிக்கும் இளையர் பலர் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படியாக எழுதுகிறேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தோடு சேர்த்தே நினைக்கப்படும் 'வி ஷால் ஓவர்கம்' பாட்டை நீ பள்ளியில் பாடியிருப்பாய். அது யார் எழுதியது என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. 1945 அக்டோபரில் தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். மறியல் மாதக்கணக்கில் நீண்டது. தேவாலயத்தில் பாடிப் பழகிய கீதம் ஒன்றை லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி நிதானமாக இழுத்துப் பாட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். டென்னசியில் தொழிலாளர் இயக்கத்தினருக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளியில் சில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றார். அவரிடமிருந்து பாடகர் பீட் சீகருக்குப் போனது. 1960-இல் கை கராவன் என்ற பாடகர் அதை மாணவர் இயக்கத்துக்குக் கொண்டுபோனார்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959-இல் ஒரு நாள் இரவு ஹைலேண்டர் பள்ளிக்குள் போலீஸ் புகுந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் ஜமிலா ஜோன்ஸ் என்ற பதின்ம வயதுப் பெண்ணும் ஒருத்தி. பயத்தை விரட்ட அந்த இடத்திலேயே ஒரு புதுச் சரணத்தை எடுத்துப் பாடினாள். கூடியிருந்தவர்கள் வாங்கிப் பாடினார்கள். பாடித்தான் தீர வேண்டுமென்றால் இத்தனை சத்தமாகவா பாட வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் கேட்டதாக ஜமிலா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தச் சரணம் இன்றுவரை பாட்டில் இருக்கிறது. சுருட்டு ஆலையை அந்தப் பெண் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அன்றைய இரவும் அன்றைய பயமும் அவளுடையவை. பாட்டு அவளுக்கு இடம் கொடுத்தது.

இப்படிக் கூட்டத்தைப் பாட வைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். பாட்டுகளைத் தானே கட்டினார்; மெட்டுகளை மட்டும் மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக எடுத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இரண்டாம் முறை கேட்கும்போதே கூடச் சேர்ந்து பாடிவிட முடியும். அந்தப் பாட்டுகள் 1940-இல் சிறு நூலாகவும் வந்தன. புது மெட்டுப் போடும் திறமை இல்லாமல் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கூட்டத்தைப் பாட வைக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. சார்ல்ஸ்டன் பெண்கள் தேவாலய கீதத்தைக் கையிலெடுத்ததும் இதே கணக்கில்தான்.

மலாயாத் தோட்டப் பாட்டுகளைப் பாடும்போது பின்னணியில் உள்ள வாழ்க்கையைக் கூட்டத்துக்குச் சொல்லு. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியவர்கள், கங்காணிக்குக் கடன்பட்டவர்கள், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள் என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவது எல்லாரும் செய்வது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொல்லு. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: தோட்டத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1955-இல், அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். ஒருவர் இறங்க மாட்டேன் என்கிறார், மற்றவர் எழ மாட்டேன் என்கிறார். கிள்ளானில் அதற்குப் பதிலடியாகப் படை வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். இந்த வரலாற்றைக் கேட்ட பிறகு ஒரு பால்வெட்டுப் பாட்டைப் பாடிப் பார், உன் குரல் தானாகவே மாறும்.

1968-ஐயும் இப்படி இணைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கிய அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள், தாங்களும் மனிதர்களே என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துத் தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று தமிழ்நாட்டின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கவிஞர் இன்குலாப் எழுதி கே. ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் பரவிய 'மனுசங்கடா' மெம்ஃபிஸ் அட்டைகள் சொன்னதையே சொல்கிறது. இருவரும் 2016-இல் மறைந்தார்கள், பாட்டு மறையவில்லை. ஏன்? ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய அளவு வரி, பறைக்கு ஏற்ற நடை, கேட்டவுடன் திருப்பிச் சொல்லத் தோன்றும் எடுப்பு. நியாயமான கோபம் உள்ள பாட்டுகள் ஆயிரம் இருக்கின்றன. கூட்டம் வாய்திறக்க இடம் விட்டவையே நிலைத்திருக்கின்றன.

கூட்டம் வாங்கிப் பாடுவதைச் சிங்கப்பூரில் பார்க்க வேண்டுமென்றால் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் நில். ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973-இல் தடை வந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காவடிக்கு வழித்துணை பெரும்பாலும் தொண்டையும் கைத்தட்டும்தான். ஒருவர் எடுக்க, பத்துப் பேர் வாங்க, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தார்கள். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தே ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்கு நடந்தவர்களுக்காகப் பிறந்தது. அதன் சந்தம் காலுக்குப் போட்ட சந்தம். செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு 1965-இல் 54 மைல் நடந்தவர்களும் பாடிக்கொண்டேதான் நடந்தார்கள். நீயும் உன் பாட்டை ஒருமுறையாவது நடந்துகொண்டே பாடிப் பழகு. மூச்சு முட்டுகிற இடம் தெரியும், அங்கே வரியை வெட்டு.

நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். குரல் அருமை. ஆனால் இரண்டாம் சரணத்துக்குப் பிறகு கீபோர்டு, வயலின், பின்னணிக் குரல் என்று எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டாய். கேட்பவர் நுழைய ஒரு சந்தும் இல்லை. சுருதியும் உன் குரலின் அழகுக்கு வைத்த சுருதி. இரண்டு கட்டை இறக்கு. கீழே உன் குரல் அவ்வளவு பளபளக்காது, தெரியும். ஆனால் முன்வரிசையில் இருக்கும் பெரியவருக்கு எட்டும். ஒரு வரி பாடு, நிறுத்து, காத்திரு. முதல்முறை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து நீயே நிரப்பிவிடாதே. பறை மட்டும் போகட்டும், மறுபடி எடு.

பாட்டைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போவதாகச் சொன்னாய், போ. வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சேர்த்து வைத்திருக்கும் பேட்டிகளில் தமிழிலும் உள்ளன. ஆனால் ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமும் போ. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் அண்ணன்மார் அங்கே இருப்பார்கள். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. நீ புத்தகத்தில் படித்த பாட்டு சிலருக்கு வேறு மெட்டில் தெரிந்திருக்கும், அவர்களுடைய மெட்டே மேலாகவும் இருக்கும். கேட்டுவிட்டுப் பதிவுசெய். பெயரைச் சொல்லலாமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. வேலை போய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கு இருக்கலாம், வற்புறுத்தாதே. மேடைக்குப் பணம் வந்தால் பாட்டைக் கொடுத்தவருக்குப் பங்கு போக வேண்டும். 'வி ஷால் ஓவர்கம்' உரிமைத்தொகையைச் சீகரும் மற்றவர்களும் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். இதில் நீ கறாராக இருக்க வேண்டும்.

இனி உன் கேள்வி. பழைய சரணங்களை மட்டும் பாடினால் நீ வெளியாள்தான். சீருடையும் தொப்பியுமாக விடியலில் உன் புளோக்கின் கீழ்த்தளத்தைக் கூட்டுகிறவர், லாரியின் பின்னால் உட்கார்ந்து விரைவுச்சாலையில் போகிறவர், 2020-இல் பெருந்தொற்றின்போது விடுதி அறைக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர் — இவர்களை நீ பார்த்திருக்கிறாய். பார்த்ததை வைத்து ஒரு சரணம் கட்டு. அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொய்யாக இருக்கக் கூடாது. அவர்களிடமே பாடிக் காட்டு. திருத்துவார்கள், திருத்த விடு.

அந்த அண்ணன்மாரும் வரும்படி ஒத்திகை நாளைக் குறித்துவிட்டுச் சொல்லியனுப்பு. ஞாயிறு என்றால் மாலை ஆறுக்கு மேல் வை. சில தளங்களில் ஞாயிறும் வேலை நடக்கிறது. விடுதிக்குத் திரும்பும் பேருந்தைப் பிடிக்க அவர்கள் ஒன்பதுக்குள் கிளம்ப வேண்டியிருக்கும். அதற்குள் சாப்பாடும் முடிந்திருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா