பெரிய துவக்கும் சிறிய வட்டமும்

செப்டெம்பர் 25, நோர்வேயின் பெரும்பாலான இடங்களில் எல்க் வேட்டை தொடங்கும் நாள். ஆகஸ்ட் பிறந்தாலே என் தொலைபேசி ஓயாது. "அண்ணை, வேட்டைச் சோதினை பாஸ் பண்ணிட்டன். என்ன துவக்கு வாங்கலாம்? பெரிசா ஒண்டு எடுத்தாப் பயமில்லைத்தானே?" கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள். வேலைத்தலத்தில் கூட வேலை செய்யும் நோர்வேக்காரர் காட்டுக்குக் கூப்பிட்டிருப்பார். ஒருமுறை போய் வந்ததும் ஆசை பிடித்துவிடும்.

ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். வன்னிக் காட்டில் இடியன் துவக்கோடு திரிந்த தாத்தாவின் கதை ஒருவரிடம். கார்பெட், கென்னத் ஆண்டர்சன் எழுதிய வேட்டைப் புத்தகங்கள் இன்னொருவரிடம். மற்றவர்களிடம் அமெரிக்கச் சஞ்சிகைகள். கதையாகக் கேட்க எல்லாமே சுவைதான். ஆனால் எல்க் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. அமெரிக்கர் மூஸ் என்பார்கள். ஆண் எல்க் சாதாரணமாக 400 கிலோ இருக்கும். நம் வன்னி மரை அதன் பக்கத்தில் கன்றுபோலத் தெரியும். நோர்வேயில் ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 எல்க்குகள் சுடப்படுகின்றன. துவக்கைப் பற்றிய பிழையான நம்பிக்கை ஒன்றின் விலையை, வயிற்றில் காயத்தோடு இரவு முழுக்கச் சதுப்பில் கிடக்கும் ஒரு மிருகம் கொடுக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். துவக்கில் போடும் முழுப் பொருள் தோட்டா. அதன் நுனியிலிருந்து பறந்து போவது சன்னம்.

நம்பிக்கை: பெரிய சன்னம் மிருகத்தைத் தூக்கி எறியும்

சினிமா பார்த்து வந்த நம்பிக்கை இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். .30-06 தோட்டாவின் 11.7 கிராம் சன்னம் குழலை விட்டு விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அந்தச் சன்னத்தின் உந்தம் முழுவதும் 400 கிலோ எல்க்குக்குப் போய்ச் சேர்ந்தாலும், அதன் உடல் விநாடிக்கு இரண்டரை சென்ரிமீட்டர்கூட நகராது. ஆமை நடக்கும் வேகம்கூட இல்லை. வேறு வகையில் இருக்கவும் முடியாது: முன்னால் போகும் சன்னத்தின் உந்தத்துக்குக் குறையாத உந்தம் பின்னால் உங்கள் தோளுக்கும் வருகிறது. எல்க்கைத் தூக்கி எறியக்கூடிய துவக்கு முதலில் உங்களைத்தான் தூக்கி எறிய வேண்டும்.

அப்படியானால் மிருகம் எதனால் சாகிறது? சன்னம் நெஞ்சறைக்குள் ஒரு வழி திறக்கிறது. நுரையீரல் சுருங்குகிறது, இரத்தம் வெளியேறுகிறது, மூளைக்குப் போகும் இரத்தம் நிற்கிறது. மூளையிலோ முள்ளந்தண்டிலோ பட்டால் மட்டும்தான் நின்ற இடத்திலேயே சரியும். ஆகவே வேட்டைத் துவக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சன்னத்தைச் சரியான இடத்தில், தேவையான ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா?

நம்பிக்கை: பெரிய காலிபர் (குழல் விட்டம்) என்றால் குறி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்களென்றால் இதை வைத்திருங்கள். நான் பார்த்தவரை மிருகங்களுக்கு அதிக வேதனையைக் கொடுப்பது இந்த நம்பிக்கைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி .300 வின்செஸ்டர் மாக்னம் வாங்கினார். நல்ல துவக்கு, நல்ல விலை. இங்கே எல்க் சுடும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு சூட்டுத் தேர்வில் தேற வேண்டும். முதலில் 30 பயிற்சி வெடி. பிறகு 100 மீட்டர் தூரத்தில் ஐந்து வெடி. ஐந்தும் 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அகலமான சோற்றுக் கோப்பை அளவு வட்டம். பயிற்சியில் தம்பியின் முதல் மூன்று வெடியும் உள்ளே விழுந்தன. பத்தாவது வெடிக்குப் பிறகு துளைகள் கீழே இறங்கத் தொடங்கின. இருபதாவதுக்குள் இரண்டு சன்னம் பலகையிலேயே படவில்லை. "ஸ்கோப்தான் பிழை" என்றார்.

களத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு முதிய தச்சர். அதிகம் பேசமாட்டார். துவக்கை வாங்கி, தம்பி பார்க்காதபடி திரும்பி நின்று, மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தம்பி படுத்து, குறி வைத்து, விசையை அழுத்தினார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை ஒரு விரல்கடை கீழே குத்தியது. தோள் முன்னே பாய்ந்தது. கண் இறுக மூடியிருந்தது. துவக்கு உதைக்கவே இல்லை; உதையை எதிர்பார்த்து உடம்பு தானாகவே செய்தது அது. பக்கத்தில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்தது.

அந்த மாக்னத்தின் உதை, அதே எடையுள்ள 6.5×55 துவக்கின் உதையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தச்சர் தன் பழைய 6.5-ஐக் கொடுத்தார். அன்று உடனே சரியாகிவிடவில்லை. உடம்பு படித்த பயத்தை உடம்புதான் மறக்க வேண்டும். அதற்கு இரண்டு கிழமையும் நிறையத் தோட்டாவும் தேவைப்பட்டன. பிறகு ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தன.

6.5×55 என்பது நோர்வேயும் சுவீடனும் 1894-இல் தங்கள் இராணுவத்துக்கு ஏற்றுக்கொண்ட தோட்டா. நூறாண்டுக்கும் மேலாக இந்தக் காடுகளில் எல்க்கை வீழ்த்தி வருகிறது. பெரிய சன்னத்தின் துளை சிறியதன் துளையைவிட ஓரிரு மில்லிமீட்டர்தான் அகலம். கண்ணை மூடிக்கொண்டு வைத்த வெடி ஒரு சாணுக்கு மேல் விலகிப் போகும். அந்த ஒரு சாணை ஓரிரு மில்லிமீட்டரால் எப்படி ஈடுகட்ட முடியும்?

நம்பிக்கை: பெல் சிறிய துவக்கால் யானையையே சுட்டார், எனக்கு எது இருந்தாலும் போதும்

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சாட்சி வோல்டர் பெல். உகண்டாவின் கரமோஜாப் பகுதியில் திரிந்ததால் 'கரமோஜோ' பெல் என்று பெயர் பெற்ற ஸ்கொட்லாந்துக்காரர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைத் தந்தத்துக்காகச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவை 7×57 மௌசருக்கு விழுந்தவை. அந்தத் தந்த வேட்டையில் நான் பெருமைப்பட ஒன்றும் காணவில்லை. ஆனால் அவர் எப்படிச் சுட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யானை மண்டையோட்டை வாளால் அரிந்து, மூளை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று படித்தவர் அவர். முழுக்க உலோக உறை போட்ட, விரியாத, நீண்ட சன்னத்தைத்தான் பயன்படுத்தினார். அது வளையாமல் எலும்பைத் துளைத்துப் போகும். கிட்டப் போய்ச் சுட்டார். நாள்தோறும் சுட்டார். அந்தச் சன்னம், அந்தப் படிப்பு, அந்தக் கை மூன்றையும் கழித்துவிட்டு 7×57-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் பெல்லின் கதையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பெருவேட்டை அனுமதிக்கப்படும் பல ஆப்பிரிக்க நாடுகளில் இன்று யானைக்கும் எருமைக்கும் .375-க்குக் குறைந்த துவக்கைத் தொடவே முடியாது.

நோர்வேயின் சட்டமும் அடிமட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. எல்க்குக்குச் சன்னம் 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். 10 கிராமைத் தாண்டினால் 2,200 ஜூல் போதும். எடை கூடினால் ஆற்றல் குறைந்தாலும் ஏற்கிறார்கள், ஏனென்றால் கனமான சன்னம் ஆழமாகப் போகும். 6.5×55, .308, .30-06 மூன்றும் சரியான சன்னத்தோடு இந்த வாசலைத் தாண்டிவிடும். காலிபர் பற்றிய பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மூன்றில் எது உங்கள் தோளுக்கு இதமாக இருக்கிறதோ, எதன் தோட்டாவை நிறைய வாங்கிப் பழக முடியுமோ, அதை எடுங்கள்.

நம்பிக்கை: எண் பெரிதென்றால் பலமும் பெரிது

தோட்டாவின் பெயரில் உள்ள எண் ஒரு பெயர், அவ்வளவே. .30-06 இல் உள்ள 06, அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ஆம் ஆண்டு. .270 வின்செஸ்டரின் சன்னம் உண்மையில் .277 அங்குலம். .308, .30-06, .300 வின்செஸ்டர் மாக்னம் மூன்றிலும் பறப்பது ஒரே .308 அங்குலச் சன்னம். மருந்தின் அளவுதான் வேறு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி என்ன தெரியுமா? பெல் வைத்திருந்த அதே 7×57 தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்.

சில எண்கள் அரசியலால் பிறந்தவை. மார்ட்டினி-ஹென்றி துவக்கு வைத்திருந்த கிளர்ச்சிக்காரர் கைக்குச் சன்னம் போய்விடும் என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசு இந்தியாவில் .450 துவக்குகளுக்குத் தடை போட்டது. இலண்டன் துவக்குச் சாலைகள் உடனே .465, .470, .475 என்று புதிது புதிதாக இறக்கின. இந்தியக் காட்டில் யானையும் காட்டெருதும் அதற்காகப் பெருத்துவிடவில்லை.

நம்பிக்கை: காலிபர்தான் முக்கியம், சன்னம் எதுவானாலும் ஒன்றுதான்

1946-இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். கையில் .300 ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் மாக்னம். பலத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் மிருகம் சேற்றில் புரண்டு வந்திருந்தது. காய்ந்த சேறு அப்பிய தோலிலேயே சன்னங்கள் சிதறிவிட்டன, உள்ளே போகவில்லை. நொஸ்லர் வீடு திரும்பி, நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்த செப்புறைச் சன்னம் ஒன்றைச் செய்தார். முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னால் உள்ள பாதி அப்படியே உள்ளே போகும். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் விற்கிறது.

கடையில் துவக்கைத் தெரிவுசெய்ய இரண்டு மணி நேரம் செலவழித்துவிட்டு, தோட்டாவை மட்டும் "மலிவான பெட்டி ஒன்று தாங்கோ" என்று கேட்கும் பிள்ளைகளை எத்தனையோ முறை தடுத்திருக்கிறேன். எல்க்கின் தோள் எலும்பு தடித்தது. மெல்லிய உறையுள்ள, இலகுவான, வேகமான சன்னம் அதில் பட்டால் மேலேயே சிதறலாம். கட்டுப்பட்டு விரியும் கனமான சன்னத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, பெரிய துவக்குக்குக் கொடுக்கும் காசைவிட நல்ல செலவு.

நம்பிக்கை: கனமான சன்னம் புதரை வெட்டிக்கொண்டு போகும்

போகாது. சுள்ளியில் பட்ட எந்தச் சன்னமும் திசை மாறும். இடைவெளி தெரியும்வரை காத்திருங்கள்.

நம்பிக்கை: துவக்கு 300 மீட்டர் போகும், நானும் 300 மீட்டரில் சுடலாம்

துவக்கு போகும். 200 மீட்டருக்குக் குறி சரிசெய்த .30-06 இன் சன்னம் 300 மீட்டரில் கால் மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கும். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது நேரம். அந்தத் தூரத்தைக் கடக்கச் சன்னத்துக்கு 0.4 விநாடி வேண்டும். மெல்ல நடக்கும் எல்க் அதற்குள் அரை மீட்டர் முன்னே போய்விடும். விசையை அழுத்தும்போது குறி நெஞ்சில் இருந்தது. சன்னம் போய்ச் சேரும்போது அங்கே இருப்பது குடல். தேர்வில் சுட்ட 100 மீட்டருக்குள் நில்லுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

நம்பிக்கை: விழவில்லை என்றால் படவில்லை

நெஞ்சில் சரியாகப் பட்ட எல்க்குக்கும் உணர்வு அடங்க இன்னும் சில விநாடிகள் ஆகும். அதற்குள் ஐம்பது மீட்டர், சில வேளை நூறு மீட்டர் ஓடும். சிலது சன்னம் பட்டதையே காட்டாமல் நடந்து மரங்களுக்குள் மறையும். சுட்டவர் "தவறிப்போச்சு" என்று துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், சற்றுத் தள்ளிப் பற்றைக்குள் செத்துக் கிடக்கும் மிருகம் அழுகும்.

எல்க் சுடுகிறவருக்குப் பயிற்சி பெற்ற தேடல் நாயின் உதவி கிடைக்க வழி இருக்க வேண்டும் என்று நோர்வேச் சட்டம் கேட்கிறது. காயப்பட்டதைத் தேடுவதும் சட்டக் கடமை. ஆகவே வெடி வைத்ததும் அசையாதீர்கள். மறு தோட்டாவை ஏற்றுங்கள். மிருகம் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பாருங்கள். பிறகு மெல்லப் போய்க் குனிந்து, புளூபெரிச் செடிகளின் இலைகளைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். அது அதிக தூரம் போயிராது. கருஞ்சிவப்பும் அதனோடு பச்சைத் தீனியும் ஒட்டியிருந்தால் ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் கிட்டவே படுத்துக்கொள்ளும். வந்த தடத்திலேயே திரும்பி வந்து, நாய் வைத்திருப்பவரை அழைத்துவிட்டு, சில மணி நேரம் காத்திருங்கள்.